மாறி வேறு, ஆப்ஜெக்ட் வேறு: ஜாவா தொடங்குவோரின் கேள்விகளுக்கு ஒரு வழிகாட்டி

ஜாவா நிரல்மொழியைக் கற்கத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனவர்கள் கொண்டுவரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை. கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டச்சிட்டும் நிரல் ‘தவறு’ என்கிறது. நூறு மாணவர்களுக்கு அரே (ஒரே வகை மதிப்புகளை வரிசையாக வைக்கும் அமைப்பு) உருவாக்கிவிட்டு முதல் மாணவருக்குப் பெயர் வைக்கப் போனால் நிரல் அங்கேயே நின்றுவிடுகிறது. நகல் என்று நினைத்து ஒரு பட்டியலைத் திருத்தினால் மூலப் பட்டியலும் சேர்ந்து மாறுகிறது. கேட்பவருக்கு இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். பல ஆண்டுகளாக வகுப்பில் இவற்றைக் கேட்டுவரும் எனக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிகின்றன. மாறி (மதிப்பை வைக்க நிரலில் பெயரிட்ட இடம்) என்பது ஆப்ஜெக்ட் (நிரல் நினைவகத்தில் உருவாக்கும் தரவுத் தொகுப்பு) அன்று. ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு மட்டுமே. இதை முதல் வாரத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்பவர்களுக்குப் பின்னால் வரும் தடுமாற்றம் பெரிதும் குறைவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டியை அந்த ஒன்றைச் சுற்றியே அமைத்திருக்கிறேன்.

கிளாஸ், ஆப்ஜெக்ட், மெத்தட் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் பகுதி) என்று வேலையிடங்களில் புழங்கும் சொற்களையே இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் கிளாஸை இனக்குழு என்றும் ஆப்ஜெக்டைப் பொருள் என்றும் வழங்குகிறது. அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் அவ்வாறே எண்ணிக்கொள்ளலாம். நியூ, ஸ்டேட்டிக், வாய்ட் போன்றவை ஜாவாவின் சொந்தச் சொற்கள். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டும், இங்கே ஒலிபெயர்த்திருக்கிறேன். ஆனால் கிளாஸுக்கும் மாறிக்கும் நீங்கள் வைக்கும் பெயர் தமிழில் இருந்தாலும் ஜாவா ஏற்றுக்கொள்ளும். கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்தால் போதும். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் அதுவே இயல்பான முறை. எனவே கீழே வரும் ‘மாணவர்’, ‘பெயர்’ போன்ற பெயர்களை அப்படியே எழுதிச் சோதித்துப் பார்க்கலாம். சிறு சோதனைகளுக்கு, 2017-இல் ஜாவா 9-உடன் வந்த ஜேஷெல் மிகவும் உதவும். ஒரு வரி எழுதினால் அதன் விளைவை அடுத்த வரியிலேயே காட்டிவிடும்.

நியூ என்று எழுதும்போது நடப்பது என்ன?

கிளாஸ் வீட்டின் வரைபடம், ஆப்ஜெக்ட் அதன்படி கட்டிய வீடு என்று எல்லா இடத்திலும் சொல்லித் தருகிறார்கள். அது சரிதான். ஆனால் அந்த உவமையில் மூன்றாவதாக ஒன்று விடுபட்டுப் போகிறது. அது வீட்டின் முகவரி. மாறிக்குள் இருப்பது வீடு அன்று. முகவரி எழுதிய சீட்டு.

மாணவர் ஒருவர் = நியூ மாணவர்(“கயல்”);

இந்த ஒரு வரியை இடமிருந்து வலமாக வாசித்துப் பழகியவர்கள், சற்று நிறுத்தி வலப்பக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். ‘நியூ’ முதலில் நினைவகத்தில் ஒரு மாணவருக்கு வேண்டிய இடத்தை ஒதுக்குகிறது. அடுத்து, புதிய ஆப்ஜெக்டுக்குத் தொடக்க மதிப்புகளை வைக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஓடி, அந்த இடத்தில் ‘கயல்’ என்ற பெயரை வைக்கிறது. அதன் பிறகு அந்த இடத்தைக் காட்டும் சீட்டு ஒன்று திரும்பி வருகிறது. சமக்குறி அந்தச் சீட்டை ‘ஒருவர்’ என்ற மாறிக்குள் போடுகிறது. எழுதும்போது ஒரு தாளை எடுத்து, ஆப்ஜெக்டுக்கு ஒரு பெரிய கட்டமும் மாறிக்கு ஒரு சிறிய கட்டமும் வரைந்து, சிறியதிலிருந்து பெரியதற்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். முதல் ஒரு மாதம் இந்தப் படத்தை வரையாமல் எந்த நிரலையும் ஆராய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

எண், உண்மை-பொய் போன்ற எட்டு அடிப்படை வகைகளுக்கு மட்டும் அம்புக்குறி கிடையாது. முழு எண்ணுக்கான இன்ட் வகை மாறியில் 25 என்று வைத்தால் 25 என்ற மதிப்பே அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். மற்ற எல்லாவற்றுக்கும், அரேக்கும் எழுத்துத்தொடரான ஸ்ட்ரிங்குக்கும்கூட, அம்புக்குறிதான்.

இப்போது ‘மாணவர் மற்றவர் = ஒருவர்;’ என்று அடுத்த வரியை எழுதுங்கள். இந்த வரியில் ‘நியூ’ இல்லை. ஆகவே புதிய மாணவர் எவரும் உருவாகவில்லை. சீட்டுக்கு மட்டும் நகல் எடுக்கப்படுகிறது. தாளில் இரண்டாவது சிறிய கட்டத்திலிருந்தும் அதே பெரிய கட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போகும். ‘மற்றவர்’ வழியாகப் பெயரை ‘செழியன்’ என்று மாற்றிவிட்டு, ‘ஒருவர்’ வழியாக அச்சிட்டால் செழியன் என்றே வரும். பட்டியலின் நகலைத் திருத்தியபோது மூலமும் மாறியதற்கு இதுவே காரணம். உண்மையான நகல் வேண்டுமானால் ‘நியூ அரேலிஸ்ட்(பழையது)’ என்று புதிய பட்டியலை உருவாக்க வேண்டும். அப்போதும் பட்டியல்தான் புதியது. அதற்குள் இருக்கும் மாணவர்கள் பழைய மாணவர்களே.

மெத்தடுக்கு அனுப்பும் மாறிகளைப் பற்றிய பழைய விவாதமும் இதே படத்தில் தீர்ந்துவிடும். ஜாவா எப்போதும் மதிப்பின் நகலையே அனுப்புகிறது. ஆப்ஜெக்டைப் பொறுத்தவரை அந்த மதிப்பு, சீட்டு. மெத்தட் தன் கையில் உள்ள சீட்டைப் பார்த்து அந்த வீட்டுக்குப் போய்ச் சுவரின் நிறத்தை மாற்றினால், அழைத்தவரும் மாறிய நிறத்தையே பார்ப்பார். மெத்தட் தன் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு முகவரியை எழுதிக்கொண்டால், அழைத்தவரின் சீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு மாறிகளை இடம் மாற்ற ஒரு மெத்தட் எழுதிவிட்டு, ஏன் மாறவில்லை என்று திகைப்பவர்கள் இந்த இரண்டாவது செயலைத்தான் செய்கிறார்கள்.

இரண்டும் ஒன்றாகத் தெரிந்தும் சமம் இல்லை என்பது ஏன்?

இரட்டைச் சமக்குறி (==) இரண்டு சிறிய கட்டங்களுக்குள் இருப்பதை மட்டும் ஒப்பிடுகிறது. எண்களாக இருந்தால் எண்கள் ஒப்பிடப்படும். ஆப்ஜெக்டுகளாக இருந்தால் சீட்டுகள்தான் ஒப்பிடப்படும். ஒரே வரைபடத்தில், ஒரே நிறத்தில், ஒரே தெருவில் கட்டிய இரண்டு வீடுகளுக்கும் முகவரி வேறுதானே? பயனர் விசைப்பலகையில் தட்டச்சிட்ட கடவுச்சொல் ஒரு புதிய ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட்; நீங்கள் நிரலில் எழுதிவைத்தது மற்றோர் ஆப்ஜெக்ட். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் இரட்டைச் சமக்குறி ‘இல்லை’ என்றே சொல்லும். உள்ளடக்கத்தை ஒப்பிட ‘ஈக்குவல்ஸ்’ என்ற மெத்தடையே பயன்படுத்த வேண்டும்.

இதில் புதியவர்களை மிகவும் குழப்புவது, இரட்டைச் சமக்குறி சில நேரம் சரியான விடை தந்துவிடுவதுதான். நிரலுக்குள் இரண்டு இடத்தில் “வணக்கம்” என்று மேற்கோள்குறிக்குள் எழுதினால், ஜாவா அவற்றுக்கு ஒரே ஆப்ஜெக்டைப் பொதுவாக வைத்துக்கொள்கிறது. ஒப்பீடு ‘ஆம்’ என்று வரும். சோதனையில் தேறிய நிரல் உண்மையான உள்ளீட்டில் தோற்பது இப்படித்தான். இன்ட் எண்ணை ஆப்ஜெக்டாக வைக்கும் இன்டீஜர் வகையில் இது இன்னும் வியப்பாக இருக்கும். ஜேஷெல்லில் இரண்டு இன்டீஜர் மாறிகளில் 127 வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுங்கள்: ‘ஆம்’. இரண்டிலும் 128 வைத்து ஒப்பிடுங்கள்: ‘இல்லை’. −128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஜாவா முன்பே ஆப்ஜெக்டுகளைச் செய்து வைத்திருக்கிறது. அந்த வரம்பைத் தாண்டினால் பொதுவாக ஒவ்வொரு முறையும் புதியதாக ஒன்றை உருவாக்கும். மதிப்பெண்களை ஒப்பிடும் நிரல் நூற்றுக்குள் இருக்கும்வரை சரியாக ஓடி, மொத்தக் கூட்டுத்தொகையை ஒப்பிடும்போது மட்டும் பிழை காட்டுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

நீங்கள் எழுதிய ‘மாணவர்’ கிளாஸில் ஈக்குவல்ஸைக் கூப்பிட்டாலும் ‘இல்லை’ என்று வருகிறதா? எந்த இரண்டு மாணவர் சமம் என்று ஜாவாவுக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்று பொருள். சொல்லாதவரை அது சீட்டுகளையே ஒப்பிடும். ஈக்குவல்ஸை எழுதும்போது, ஆப்ஜெக்டுக்கு ஓர் எண்ணைத் தரும் ஹேஷ்கோட் மெத்தடையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால், அந்த எண்ணைக் கொண்டு தேடும் ஹேஷ்மேப் என்ற தொகுப்பில் போட்ட மாணவரை மீண்டும் தேடும்போது கிடைக்கமாட்டார். தரவை வைத்திருப்பது மட்டுமே கிளாஸின் வேலை என்றால், 2021-இல் ஜாவா 16-இல் நிலைபெற்ற ‘ரெக்கார்ட்’ வகையைப் பயன்படுத்துங்கள். ஈக்குவல்ஸ், ஹேஷ்கோட், ஆப்ஜெக்டை எழுத்தாக்கிக் காட்டும் டூஸ்ட்ரிங் மூன்றும் தாமாகவே கிடைக்கும். மாணவரை அச்சிட்டால் பெயருக்குப் பதிலாகக் கிளாஸின் பெயரும் @ குறியும் புரியாத சில எழுத்துகளும் வருகின்றனவே என்ற கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. டூஸ்ட்ரிங் எழுதப்படாத ஆப்ஜெக்ட் தன்னை அப்படித்தான் காட்டிக்கொள்ளும்.

‘நல்’ என்னும் வெற்றுச் சீட்டு

எந்த முகவரியும் எழுதப்படாத சீட்டுக்கு ஜாவாவில் ‘நல்’ என்று பெயர். வெற்றுச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் கதவைத் தட்ட முயன்றால் வருவதுதான் ‘நல்பாயிண்டர்எக்ஸெப்ஷன்’. 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக இந்த வெற்றுக் குறிப்பை முதலில் கொண்டுவந்தவர் பிரிட்டன் கணினி அறிவியலாளர் டோனி ஹோர். எழுதுவதற்கு எளிதாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகவும், அது தமது நூறு கோடி டாலர் தவறு என்றும் 2009-இல் அவரே சொன்னார். எனவே இந்தப் பிழை வந்தால் உங்களைக் குறைத்து மதிப்பிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் இது வரும்.

தொடங்குவோர் இதை முதலில் சந்திப்பது பெரும்பாலும் அரேயில்தான். ‘நியூ மாணவர்[100]’ என்று எழுதினால் நூறு மாணவர்கள் உருவாகிவிட்டார்கள் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் உருவானது நூறு சீட்டுகள் அடுக்கிய ஒரு பெட்டி. நூறும் வெற்றுச் சீட்டுகள். ஒவ்வோர் இடத்துக்கும் தனியாக ‘நியூ மாணவர்’ என்று சுழற்சிக்குள் எழுதிய பிறகே மாணவர்கள் வருவார்கள். தாளில் நூறு சிறிய கட்டங்களை வரைந்து, அம்புக்குறி போடப் பெரிய கட்டம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கும்போது, எத்தனை முறை வாயால் சொல்லியும் விளங்காதது விளங்கிவிடுகிறது.

பிழைச்செய்தி வந்தவுடன் சாளரத்தை மூடிவிடாமல் முதல் வரியை முழுவதும் வாசிக்க வேண்டும். 2020-இல் வந்த ஜாவா 15 முதல், எந்த மெத்தடை அழைக்க முடியவில்லை, எது ‘நல்’ ஆக இருந்தது என்ற இரண்டையும் அந்த வரியே சொல்லிவிடும். அதன் கீழே மெத்தட் பெயர்களின் நீண்ட வரிசை வரும். அதில் மேலிருந்து கீழாகப் பார்த்துவந்து, நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அந்த வரி எண்ணுக்குச் செல்லுங்கள். அந்த வரியில் பிழை தெரியாவிட்டால், அங்கே வந்து சேர்ந்த வெற்றுச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். ‘நல்’ ஆக இருந்தால் ஒன்றும் செய்யாதே என்று இஃப் போட்டு மூடிவிடுவது பலர் செய்யும் வேலை. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிழை மறைந்து, தவறான விடையாக வேறோர் இடத்தில் தலைகாட்டும்.

கன்ஸ்ட்ரக்டரில் பெயர் கொடுத்தும் ‘நல்’ என்று அச்சாகிறதே?

ஒரு மாணவி இந்தக் கேள்வியோடு மாலை முழுவதும் போராடிவிட்டு என்னிடம் வந்தார். அவருடைய கன்ஸ்ட்ரக்டருக்குள் ஒரே வரிதான் இருந்தது: ‘பெயர் = பெயர்;’. கிளாஸின் ஃபீல்டுக்கும் (ஆப்ஜெக்ட் தனக்குள் வைத்திருக்கும் மாறி) கன்ஸ்ட்ரக்டர் வாங்கும் மாறிக்கும் ஒரே பெயர் இருக்கும்போது, அருகில் உள்ளதையே ஜாவா எடுத்துக்கொள்ளும். ஆகவே வாங்கிய பெயரை அதற்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு, ஃபீல்டைத் தொடாமல் விட்டுவிட்டது. இந்த ஆப்ஜெக்டைக் குறிக்கும் ‘திஸ்’ சேர்த்து, ‘திஸ்.பெயர் = பெயர்;’ என்று எழுதியதும் சரியானது. அந்த ஃபீல்டுக்கு முன்னால், ஒருமுறை மட்டுமே மதிப்பு வைக்கலாம் என்று குறிக்கும் ‘ஃபைனல்’ என்று சேர்த்திருந்தால், மதிப்பு வைக்கப்படவில்லை என்று நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே தடுத்திருக்கும். மாறத் தேவையில்லாத ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஃபைனல் போடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொள்ளுமாறு இதனால்தான் சொல்கிறேன்.

இதைப் போலவே ஓசையில்லாமல் ஏமாற்றும் இன்னொன்று, கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால், எதையும் திருப்பித் தராது என்று குறிக்கும் ‘வாய்ட்’ என்று எழுதிவிடுவது. திரும்பும் வகையை எழுதிய உடனே அது கன்ஸ்ட்ரக்டராக இராது. கிளாஸின் பெயரையே கொண்ட ஒரு சாதாரண மெத்தடாகிவிடும். அடைப்புக்குறிக்குள் ஒன்றும் வாங்காததாக இருந்தால் நிரல் பிழையின்றி ஓடும், அந்த மெத்தடை மட்டும் யாரும் அழைக்கமாட்டார்கள்.

ஸ்டேட்டிக் எங்கே போடுவது?

நிரல் ஓடத் தொடங்கும் மெயின் மெத்தடிலிருந்து பக்கத்தில் உள்ள மெத்தடை அழைத்தால், ஸ்டேட்டிக் அல்லாததை ஸ்டேட்டிக் சூழலிலிருந்து அழைக்க முடியாது என்று கம்பைலர் சொல்லும். உடனே அந்த மெத்தடுக்கு ஸ்டேட்டிக் போடுகிறார்கள். அது தொடும் ஃபீல்டுக்கும் போட வேண்டியிருக்கும். சிறிது நேரத்தில் கிளாஸ் முழுவதும் ஸ்டேட்டிக் ஆகிவிடும். இதன் விளைவைக் கண்ணால் பார்க்க, ‘மாணவர்’ கிளாஸின் ‘பெயர்’ ஃபீல்டை ஸ்டேட்டிக் ஆக்கி, கயல், அமுதன், செழியன் என்று மூவரை உருவாக்கி, மூவரின் பெயரையும் அச்சிடுங்கள். மூன்று முறையும் செழியன் என்றே வரும். ஸ்டேட்டிக் ஃபீல்ட் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிய குறிப்பு. எத்தனை வீடு கட்டினாலும் அது ஒன்றுதான்.

1960-களில் நார்வேயின் ஒஸ்லோ நகரில் கிறிஸ்டன் நிகார்டும் ஒலே-யோஹான் டாலும் சிமுலா மொழியை உருவாக்கியபோது, உலகில் நடப்பவற்றைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பதே அவர்கள் நோக்கமாக இருந்தது. ஒவ்வொரு பொருளும் தன் நிலையைத் தானே சுமக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்தே ஜாவா வரை வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஸ்டேட்டிக் ஆக்கினால் அந்த எண்ணத்தையே இழந்துவிடுகிறோம்.

நிரல் தொடங்கும்போது ஆப்ஜெக்ட் எதுவும் இல்லை என்பதால்தான் மெயின் ஸ்டேட்டிக்காக இருந்தது. ஆகவே மெயினுக்குள் நியூ போட்டு ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி, அதன் வழியாக மற்ற மெத்தடுகளை அழைப்பதே சரியான வழி. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-இல் மெயினுக்கு ஸ்டேட்டிக் கட்டாயம் இல்லை. தேவையான ஆப்ஜெக்டை ஜாவாவே உருவாக்கிக்கொள்ளும். பழைய பாடநூலும் புதிய ஜாவாவும் முரண்படுவதாகத் தோன்றினால் இதை நினைவில் கொள்க.

மரபுரிமத்தை எப்போது பயன்படுத்துவது?

ஒரு கிளாஸ் மற்றொரு கிளாஸின் ஃபீல்டுகளையும் மெத்தடுகளையும் தனதாகப் பெறுவதே மரபுரிமம்; ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்ற சொல்லால் அதைப் பெறுகிறோம். தொடக்கத்தில், நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாக. ஒரு கிளாஸில் உள்ள மெத்தட் தேவைப்படுகிறது என்பதற்காக மட்டும் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ எழுத வேண்டாம். அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட் ஒன்றை ஃபீல்டாக வைத்துக்கொண்டால் போதும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தத் தவறு இருக்கிறது. ‘ஸ்டாக்’ என்ற கிளாஸ் ‘வெக்டர்’ என்பதிலிருந்து மரபுரிமம் பெற்றதால், மேலிருந்து மட்டுமே எடுக்க வேண்டிய அடுக்கின் நடுவில்கூட ஒன்றைச் செருக முடிகிறது. அதற்குப் பதிலாக ‘அரேடெக்’ கிளாஸைப் பயன்படுத்துங்கள்.

அம்புக்குறிக்குத் தொடர்பில்லாத சில கேள்விகளும் அடிக்கடி வருகின்றன. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2 வருவது, இரண்டும் முழு எண்களாக இருப்பதால், ஒன்றை 2.0 என்று எழுதுக. இன்ட் வகை 2147483647-ஐத் தாண்டினால் எச்சரிக்கையின்றிக் குறை எண்ணாகிவிடும். உள்ளீட்டை வாசிக்கும் ஸ்கேனரில் நெக்ஸ்ட்இன்ட் முடிந்து நெக்ஸ்ட்லைன் அழைத்தால் வெற்று வரி கிடைப்பது, நீங்கள் அழுத்திய என்டர் விசை இன்னும் வாசிக்கப்படாமல் காத்திருப்பதால்; இடையில் ஒரு நெக்ஸ்ட்லைனை அழைத்து அதை நீக்கிவிடுங்கள். ஸ்ட்ரிங்கைப் பெரிய எழுத்தாக்கும் மெத்தடை அழைத்தும் மாறவில்லை என்றால், ஸ்ட்ரிங் ஒருபோதும் மாறாது, புதிய ஒன்றே திரும்பி வருகிறது என்பதை நினைத்து அதை ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சொற்களை வைத்துப் பயிற்சி செய்பவர்களுக்கு மட்டும் வரும் கேள்வி ஒன்று உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவா 5 என்கிறது. யூனிகோடில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஜாவா எண்ணுவது அக்குறிகளை. இருபுறமும் ஒன்றாக வாசிக்கும் சொல்லைக் கண்டறியும் வழக்கமான பயிற்சி நிரலுக்கு ‘விகடகவி’யைக் கொடுத்தால், அது ‘இல்லை’ என்று சொல்லிவிடும். ஏழு குறிகளைத் திருப்பும்போது இகரக் குறி முதலில் வந்து, தன் மெய்யைப் பிரிந்து நிற்கிறது. இதற்கு ‘பிரேக்இட்டரேட்டர்’ என்ற கிளாஸைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாக முதலில் பிரித்து ஒரு பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள்; வி, க, ட, க, வி என்று ஐந்து கிடைக்கும். பிறகு முதலும் கடைசியுமாக உள்நோக்கி ஒப்பிட்டு வாருங்கள். முதல் ‘வி’யும் கடைசி ‘வி’யும் தனித்தனி ஆப்ஜெக்டுகள் என்பதால், இங்கேயும் ஈக்குவல்ஸ்தான் வேண்டும், இரட்டைச் சமக்குறி போட்டால் விகடகவி மீண்டும் தோற்றுவிடும்.